இன்னும் யுனைடெட்தான்

2025 ஆகஸ்ட்ல மான்செஸ்டர் யுனைடெட், அதான் எங்க இங்கிலாந்து புட்பால் கிளப், கிரிம்ஸ்பி கிட்ட தோத்த மேட்ச் முடிஞ்சதிலருந்து ஆபிஸ்ல, வாட்ஸ்அப்ல, புளோக்குக்குக் கீழ இருக்கிற கோப்பிக்கடையில, எங்க போனாலும் ஒரே கேள்விதான் வருது, "இன்னுமா நீ யுனைடெட் பாக்குற?" நாலாவது டிவிஷன் டீம், லீக் கப் மேட்ச், 2-2ல முடிஞ்சு பெனால்டில 12-11ன்னு தோத்தோம். ஆமா, இன்னும் பாக்குறேன். ஏன்னு ஒரு தடவ முழுசா எழுதிடணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன், அதுக்குத்தான் இந்த போஸ்ட்.

தொண்ணூறுகள்ல சிங்கப்பூர்ல வளர்ந்த பசங்களுக்குத் தெரியும், அப்பல்லாம் ஒண்ணு நீ யுனைடெட், இல்லன்னா லிவர்பூல், ஆர்சனல் பசங்க அங்கங்க கொஞ்சம் பேரு, அவ்வளவுதான். எங்க குடும்பத்துல மாமா லிவர்பூல். அம்மாவோட தம்பி. செம்பவாங் ஷிப்யார்டுல வேல, டால்கிளிஷ், ரஷ், ஜான் பார்ன்ஸ்னு பழைய லிவர்பூல் ஆட்டக்காரங்க பேர் சொல்லும்போதே குரல் மாறிடும். ஆனா லிவர்பூல் 1990க்கு அப்புறம் லீக் ஜெயிக்கவே இல்ல, நாங்க சின்னப் பசங்க வருஷா வருஷம் தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போய் முறுக்க தின்னுட்டே அவர ஓட்டுவோம். 2011ல யுனைடெட் 19வது லீக் பட்டம் வாங்கி லிவர்பூலோட 18ஐத் தாண்டினப்போ நான் போன் போட்டேன். மாமா எடுத்து, "வாழ்த்துக்கள் தம்பி, நல்ல டீம்"னு மட்டும் சொல்லிட்டு அக்கா நல்லாருக்காளான்னு கேட்டாரு. அவரு கட்சி மாறினதே இல்ல. 2020ல லிவர்பூல் மறுபடி லீக் ஜெயிக்கிற வரைக்கும், 30 வருஷம், அப்படியே காத்திருந்தாரு.

நான் யுனைடெட் ஆனதுக்கு ஒரு ராத்திரிய சொல்லணும்னா எல்லாரும் சொல்றதத்தான் நானும் சொல்வேன், 1999 சாம்பியன்ஸ் லீக் பைனல், ஐரோப்பிய கிளப்புங்களோட பெரிய கோப்பை, பார்சிலோனா ஊர்ல நடந்துச்சு. நம்ம நேரத்துக்கு விடிகாலை 2.45க்கு ஆரம்பம். ராய் கீனும் ஸ்கோல்ஸும் சஸ்பெண்ட் ஆகி வெளிய, ஆறாவது நிமிஷத்துலயே பாஸ்லர் ப்ரீகிக்ல ஜெர்மனி டீம் பயர்ன் மியூனிக் கோல் போட்டாச்சு, அதுக்கப்புறம் 90 நிமிஷம் வரைக்கும் ஒண்ணும் நடக்கல, பயர்ன் ரெண்டு தடவ பாரையும் போஸ்ட்டையும் அடிச்சது. இஞ்சுரி டைம்ல கார்னர், கோல்கீப்பர் ஷ்மைக்கேலே எதிர் பாக்ஸுக்குள்ள ஓடி வந்து நிக்கிறாரு, ஷெரிங்ஹாம் கோல். ரெண்டு நிமிஷம் கழிச்சு இன்னொரு கார்னர், சோல்ஷார் கோல், 2-1. வீட்ல எல்லாரும் தூங்குறாங்கன்னு டிவி சத்தத்த சுத்தமா கொறச்சு வச்சிருந்தேன், நான் போட்ட சத்தத்துல அப்பா எழுந்து வந்து என்னாச்சுன்னு கேட்டாரு, சொல்லத் தெரியாம அவர கட்டிப் பிடிச்சிட்டேன். அந்த வருஷம் மூணு கோப்பை. 2001 ஜூலைல அதே டீம் காலாங் பழைய நேஷனல் ஸ்டேடியத்துக்கு வந்து நம்ம சிங்கப்பூர் டீம 8-1னு அடிச்சிட்டுப் போனதும் ஞாபகம் இருக்கு, ஸ்டேடியம் பூரா சிவப்பு, சிவப்பு நம்ம கலரும்தான், யாரு யாருக்குக் கைதட்டுறாங்கன்னே தெரியல.

இப்ப பாக்குற சின்னப் பசங்களுக்கு இதெல்லாம் புராணக் கதை மாதிரி இருக்கும். 2013 மே மாசம் மேனேஜர் சர் அலெக்ஸ் பெர்குசன் 20வது பட்டத்தோட ஓய்வு வாங்கினாரு, அதுக்கப்புறம் லீக் பட்டம் இல்ல. மோயஸ், வான் கால், மோரின்யோ, சோல்ஷார், டென் ஹாக், அமோரிம்னு மேனேஜருங்க வரிசையா வந்தாச்சு, நடுவுல தற்காலிகமா வந்தவங்க வேற. ஒவ்வொரு தடவையும் அதே கதை, வந்தவரு கொஞ்ச நாள் ஹீரோ, அப்புறம் வில்லன், அப்புறம் பெட்டி கட்டு. மோயஸ் காலத்துல கடைசி இடத்துல இருந்த புல்லம் கூட எங்க சொந்த ஸ்டேடியம் ஓல்ட் டிராபோர்டுல ஒரு மேட்ச், 80க்கு மேல கிராஸ் போட்டாங்க, எண்ணிப் பாத்து பேப்பர்ல போட்டான், கடைசி நிமிஷத்துல கோல் வாங்கி 2-2. அன்னைக்கே எனக்கு வயித்த கலக்குச்சு.

ஆனா இத நான் அழுத்திச் சொல்லணும், ஏன்னா கோப்பிக்கடையில மேட்ச் முடிஞ்சதும் எல்லாரும் மேனேஜரத்தான் திட்டுறாங்க, இல்லன்னா ஏதாவது ஒரு பிளேயர. வியாதி அங்க இல்ல. 2005ல அமெரிக்காவோட கிளேசர் குடும்பம் சுமார் 79 கோடி பவுண்டுக்கு கிளப்ப வாங்கினப்போ பெரும்பகுதி கடன் வாங்கின காசு, அந்தக் கடன்ல பெரிய பங்க கிளப் தலையிலயே கட்டிட்டாங்க. உங்க வீட்ட ஒருத்தன் வாங்கி, வாங்குறதுக்குப் போட்ட கடன உங்க சம்பளத்துலயே மாசாமாசம் கட்ட வைக்கிற மாதிரிதான் அது. அதுக்கு முன்னாடி கடனே இல்லாத கிளப் அது. அதுக்கப்புறம் வட்டி, டிவிடென்ட், அது இதுன்னு வெளிய போன காசு 100 கோடி பவுண்டுக்கும் மேல. 2010ல மான்செஸ்டர் ரசிகர்கள் பச்சை தங்க கலர் மப்ளர் போட்டு எதிர்ப்புக் காட்டினாங்களே, அது கிளப் நியூட்டன் ஹீத்னு பேரு வச்சிருந்த காலத்து கலரு, அப்பவே அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. பெர்குசன் ஜெயிச்சிட்டே இருந்ததால தூரத்துல இருந்த எங்களுக்கு அந்த ஓட்டை தெரியல. அந்த மனுஷன் ஒத்த ஆளா அத மறைச்சு வச்சிருந்தாரு.

நம்ம ஊருக்கும் இதுல ஒரு தொடர்பு உண்டு, நெறைய பேரு மறந்திருப்பாங்க. 2011ல யுனைடெட் பங்குகள சிங்கப்பூர் பங்குச் சந்தையிலதான் லிஸ்ட் பண்றதா இருந்தாங்க, ஒப்புதலும் கெடச்சிடுச்சு. ஆபிஸ்ல அதே பேச்சுதான், ஆளாளுக்கு எவ்வளவு போடலாம்னு கணக்குப் போட்டாங்க, எனக்கும் ஒரு துண்டு நம்ம கைக்கு வருமேன்னு ஆசையாத்தான் இருந்துச்சு. கடைசில 2012ல நியூயார்க்குக்குப் போயிட்டாங்க. இவங்க கணக்குல நாம ரசிகர் இல்ல, மார்க்கெட்னு அப்பதான் எனக்கு உறைச்சது.

காசு செலவு பண்ணலன்னு யாரும் சொல்ல முடியாது, தாராளமா பண்ணாங்க, ஆனா எதுக்குன்னு தெரியாம பண்ணாங்க. 2012ல கிட்டத்தட்ட சும்மா விட்ட போக்பாவ 2016ல 8.9 கோடி பவுண்டுக்குத் திரும்ப வாங்கி 2022ல மறுபடியும் சும்மா விட்டாங்க. டி மரியாவ வாங்கி ஒரே வருஷத்துல வித்துட்டாங்க. அந்தப் பக்கம் சின்ன வயசுலருந்து கிளப் அகாடமியிலயே வளர்ந்த மெக்டோமினேய 2024ல இத்தாலி கிளப் நேப்போலிக்கு வித்தாங்க, அவன் போன முதல் வருஷமே அங்க லீக் பட்டம் வாங்கி அந்த இத்தாலி லீக், சீரி ஆ-வோட சிறந்த ஆட்டக்காரன்னு விருதும் வாங்கிட்டான். அதப் பாத்து சந்தோஷமாவும் இருந்துச்சு வயிறும் எரிஞ்சுது. 2024 மே மாசம் ஆர்சனல் மேட்சுக்கு அப்புறம் ஓல்ட் டிராபோர்டு கூரையிலருந்து தண்ணி அருவி மாதிரி கொட்டுச்சே, அந்த வீடியோவ நான் திரும்பத் திரும்பப் பாத்தேன். தோத்தது வலிக்கல, அந்தக் கூரை வலிச்சது. இங்கிலாந்து பணக்காரர் ராட்கிளிப் வந்து கிளப்புல பங்கு வாங்கினாரு, சரியாகும்னு நெனச்சா, நூத்துக்கணக்கான ஊழியர்கள வேலைய விட்டுத் தூக்கினாங்க, 2024-25 சீசன் நடுவுல டிக்கெட்ட 66 பவுண்டுன்னு ஆக்கி சின்னப் பிள்ளைக்கும் வயசானவங்களுக்கும் அதே வெலன்னாங்க. அப்பா கையப் பிடிச்சிட்டு வர்ற பையன்தானே நாளைக்கு ரசிகன்?

மோசமான ராத்திரிகளப் பத்தி நீட்டி எழுத மனசு வரல. 2021 அக்டோபர்ல லிவர்பூல் கூட சொந்த மண்ணுல 0-5, கோவிட் சமயம், கடையில ரெண்டு பேருக்கு மேல உக்கார முடியாத காலம், வீட்லயே பாத்தேன், பாதி ஆட்டத்துலயே 0-4. 2023 மார்ச்ல லிவர்பூலோட ஆன்பீல்டு ஸ்டேடியத்துல 0-7, அதுல ஆறு கோல் ரெண்டாவது பாதியில, அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் லீக் கப் ஜெயிச்சிருந்தோம். 2024-25 சீசன் 42 பாயிண்ட், 15வது இடம். ஐரோப்பாவோட ரெண்டாம் நிலைக் கோப்பையான யூரோப்பா லீக் பைனல் பில்பாவோல டாட்டன்ஹாம் கூட, அவங்க லீக்ல 17வது, நாங்க 15வது, அந்த சீசன்ல அவங்க கிட்ட ஏற்கனவே மூணு தடவ தோத்திருந்தோம், நாலாவது தடவையும் 0-1. வியாழக்கிழமை விடிகாலை, முடிஞ்ச கையோட குளிச்சு எம்ஆர்டி ரயில் புடிச்சு வேலைக்குப் போனேன்.

0-7 ராத்திரிய மட்டும் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். மாமா லிவர்பூல் ஆளாச்சே, பழைய கணக்கெல்லாம் தீத்துக்குவாருன்னு போன கையிலயே வச்சிருந்தேன். வரல. மறுநாள் சாயங்காலம்தான் கூப்பிட்டாரு. "சாப்பிட்டியாடா? இங்க பாரு, ஜெயிக்கிறப்போ எவன் வேணா கூட நிப்பான், உங்க ஆளுங்க பாதி பேர் இந்நேரம் மான்செஸ்டர் சிட்டி ஜெர்சி வாங்கியிருப்பான். நீ மேட்ச மட்டும் விடாத. விட்டுட்டன்னா, நல்ல நாள் வர்றப்போ அது உன்னுதா இருக்காது." இவ்வளவுதான் சொன்னாரு. நாங்க தீபாவளிக்குத் தீபாவளி கிண்டல் பண்ணினத இந்த மனுஷன் எப்படித் தாங்கிட்டிருந்தாருன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. இப்ப லிவர்பூலுக்கும் 20 லீக் பட்டம், எங்களுக்கும் 20.

அவரு சொன்னது சரின்னு 2025 ஏப்ரல்ல கண்ணால பாத்தேன். யூரோப்பா லீக் காலிறுதி, லியோன் கூட ரெண்டாவது மேட்ச், விடிகாலை 3 மணி. நல்லவேளை புனித வெள்ளி, லீவு. மகளுக்கு செகண்டரி ஸ்கூல் வயசு, யுனைடெட் லீக் ஜெயிச்சு அவ பாத்ததே இல்ல, ஆனாலும் நானும் பாக்குறேன்பான்னு அலாரம் வச்சு எழுந்து வந்துட்டா, ரெண்டு பேருக்கும் மைலோ கலக்கிட்டு வந்து உக்காந்தோம். 2-0 முன்னிலை. அப்புறம் 2-2. லியோன் டீம்ல ஒருத்தன் ரெட் கார்டு வாங்கி வெளிய போயிட்டான், சரி இப்ப முடிச்சிடுவாங்கன்னு பாத்தா எக்ஸ்ட்ரா டைம்ல பத்து பேரு எங்க மேல ரெண்டு கோல் போட்டு 4-2. அந்த நேரத்துல ஸ்டேடியத்துல ஆளுங்க எழுந்து வெளிய போறத டிவில காட்டினான். தூங்கப் போம்மான்னு சொன்னேன், இல்லப்பா முடியட்டும்னுட்டா. 114வது நிமிஷம் எங்க கேப்டன் புரூனோ பெனால்டி, 4-3. 120வது நிமிஷம் மைனூ, அகாடமி பையன், பாக்ஸுக்குள்ள பந்த வாங்கி, அந்த நெரிசல்ல ஒரு நொடி அவசரமே படாம நின்னு, வலது கால்ல சுருட்டி மூலையில வச்சான், 4-4. அடுத்த நிமிஷமே கசமீரோ தூக்கிக் குடுத்த பந்துல மகுவயர் தலை. 5-4. எந்த மகுவயர்? உலகமே கேலி பண்ணின, கேப்டன் பட்டைய புடுங்கின, வித்துத் தொலைங்கன்னு நம்ம ஆளுங்களே கத்தின அதே மகுவயர். அவன் ஓடின ஓட்டத்தப் பாக்கணும். மக சோபா மேல ஏறிக் குதிக்குறா, மனைவி கதவத் திறந்து ரெண்டு பேரையும் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம காபி போடப் போயிட்டா, எனக்குக் கண்ணுல தண்ணி. 15வது இடத்துல முடிஞ்ச அதே சீசன்லதான் இது நடந்துச்சு. 1999 பைனல எந்தக் கிளப் ரசிகனும் பாத்திருப்பான். அந்த வெள்ளிக்கிழமை 2-4ன்னு இருந்தப்போ டிவிய அணைக்காதவங்களுக்கு மட்டும்தான் இது கெடச்சது.

அதனால கேக்குறவங்களுக்கு என் பதில் இதுதான். கிளப்னா ஓனர் இல்ல, மேனேஜரும் இல்ல. இன்னொரு மேனேஜர தூக்கினாலும் அந்தக் கடன் அங்கயேதான் இருக்கும், அந்தக் கூரையும் அப்படியேதான் ஒழுகும். 1 லட்சம் பேரு உக்கார்ற புது ஸ்டேடியம் கட்டப் போறோம்னு படம் காட்டியிருக்காங்க, கட்டட்டும், ஆனா அந்தக் கடனையும் ரசிகன் தலையில கட்டாம கட்டணும், டிக்கெட் வெலைய ஏத்தாம பிள்ளைகள உள்ள விடணும், அகாடமியிலருந்து வர்ற பசங்கள கணக்குப் புத்தகத்துக்காக விக்கிறத நிறுத்தணும். திட்டணும்னா இதுக்காகத் திட்டுங்க, நானும் கூட சேந்து திட்டுறேன்.

சனிக்கிழமை ராத்திரி 10 மணி மேட்சுக்கு மாமாவ வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன். மக மைனூ ஜெர்சி கேட்டிருக்கா, அத வாங்க நாளைக்குக் கடைக்குப் போகணும்.