உப்புக்காற்றுக்குத் தாங்குகிற செடி எது?

திருவொற்றியூரில் கடலிலிருந்து மூன்று தெரு தள்ளி எங்கள் வீடு. இந்த ஊர்க் காற்றைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொடியில் போட்ட துணி ராத்திரியில் இன்னும் ஈரமாகிவிடும். டப்பாவை மூட மறந்தால் அப்பளம் நமுத்துப் போகும். பெயிண்ட் அடித்த கேட்டில் அடுத்த வருஷமே துரு எட்டிப் பார்க்கும். இரும்புக்கே இந்தக் கதி என்றால், குளிர்ந்த ஊரில் வளர்ந்த செடி இங்கே வந்து என்ன பாடுபடும்?

நர்சரிகளில் பளபளவென்று அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பாலானவை லாரியில் வந்து இறங்கியவை. ஓசூர் பக்கமிருந்து ரோஜா, ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் கடியத்திலிருந்து மற்றதெல்லாம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ராத்திரியில் குளிரும். நம்மூரில் மே மாதம் விடியற்காலையில்கூட 27, 28 டிகிரி. அங்கே பூத்துக் குலுங்கிய ரோஜா இங்கே வந்து ஒரு மாதம் அழகு காட்டும். அப்புறம் இலையில் கறுப்புப் புள்ளி விழுந்து, மஞ்சளாகி, உதிர ஆரம்பிக்கும். கறுப்புப் புள்ளி ஒரு பூஞ்சை நோய். இலை மேல் ஏழு மணி நேரம் போல ஈரம் நின்றாலே அது உள்ளே இறங்கிவிடும். நம்ம ஊர் ஐப்பசி ராத்திரியில் அந்த ஏழு மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். ரோஜா இல்லாமல் முடியாது என்பவர்கள் பன்னீர் ரோஜா வையுங்கள். பூ சின்னதுதான், ஆனால் வாசனை உண்டு, செடியும் சீக்கிரம் சோராது.

லாவண்டர், ரோஸ்மேரி எல்லாம் ஆன்லைனில் வருகிறது. கோடையில் காற்றும் மண்ணும் காய்ந்து கிடக்கும் மத்தியதரைக்கடல் நாட்டுச் செடிகள் அவை. நம்முடைய புழுக்கத்தில் அடியிலிருந்து அழுகும். அந்தக் காசுக்கு நாலு செம்பருத்தி வாங்கலாம்.

"ஈரக்காற்றுக்கு ஏற்ற செடி" என்று தேடினால் வருகிற பட்டியல்கள் பெரும்பாலும் கேரளாவுக்கோ மலேசியாவுக்கோ பொருந்துகிறவை. அங்கே ஈரமும் உண்டு, அடிக்கடி மழையும் உண்டு. இங்கே வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் போல மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களில் காற்றில்தான் ஈரம், மண்ணில் இல்லை. போதாததற்கு உப்பும், எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளின் தூசியும். அதனால் நான் செடி வாங்கும்போது முதலில் இலையைத் தொட்டுப் பார்ப்பேன். தடித்து, மெழுகு பூசின மாதிரி வழவழவென்று இருந்தால் நம்பலாம். உப்பும் தூசியும் படிந்தாலும் ஒரு மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். இலை மெல்லிசாகவோ பூனைமயிர் போட்டோ இருந்தால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஓரம் கருகும்.

தண்ணீர் விஷயம் தனி. எங்கள் போர் தண்ணீரை ஊற்றினால் தொட்டி ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூக்கும். சிலர் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இன்னும் கூடுதல், பாத்திரம் கழுவவோ வீடு துடைக்கவோ வைத்துக்கொள்ளலாம். செடிக்கு நல்லது ஏ.சி. தண்ணீர். காற்றில் இருக்கிற ஈரம்தானே குளிர்ந்து அந்தக் குழாய் வழியாகச் சொட்டுகிறது? உப்பு கிடையாது. ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடினால் நம்மூர்ப் புழுக்கத்துக்கு ஒரு பக்கெட் தாராளமாக நிறையும். வெற்றிலைக் கொடிக்கும் எலுமிச்சைத் தொட்டிக்கும் நான் அதைத்தான் ஊற்றுகிறேன். எலுமிச்சைக்கு உப்பு சுத்தமாக ஆகாது. அந்தத் தண்ணீரில் சத்தும் கிடையாது என்பதால் மாதத்துக்கு ஒருமுறை மண்புழு உரம் போட்டுவிடுவேன். நம்மை வியர்க்க வைக்கிற காற்றிடமிருந்து இப்படியாவது கொஞ்சம் வசூல் செய்துகொள்ளலாமே.

மரம் வைக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நர்சரிக்குப் போவதற்கு முன்னால் தெருவில் ஒரு நடை நடந்து, எது ரொம்ப வருஷமாக நிற்கிறது என்று பாருங்கள். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்றைக்கு வடசென்னையில் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மே மாதம் சிவப்பாகப் பூக்கிற குல்மோகர், மஞ்சள் பூப் பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி மரம் எல்லாம் வேரோடு சாய்ந்து ரோட்டை அடைத்தன. சீக்கிரம் நிழல் தரும் என்று வைத்தவை. வேர் ஆழம் போகாது, கட்டை மெத்து. சுற்றிலும் சிமென்ட் போட்டு, கேபிளுக்குப் பள்ளம் தோண்டி வேரையும் வெட்டியிருந்தால் மரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

எங்கள் தெருவில் அசையாமல் நின்றது பூவரசு. கடற்கரை மரம் அது, உப்பு அதற்குப் புதுசில்லை. கை தடிமன் போத்தை வெட்டி நட்டாலே துளிர்த்துவிடும், காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். காலையில் மஞ்சளாக விரிந்த பூ சாயங்காலத்துக்குள் செம்மண் நிறமாகி விழுந்து கிடக்கும். இலையில் கொழுக்கட்டை அவிக்கலாம், பிள்ளைகள் சுருட்டிப் பீப்பி ஊதலாம். சிவப்புப் பூச்சிகள் கூட்டமாகக் காயில் உட்காரும். மனிதரை ஒன்றும் செய்யாது, விட்டுவிடுங்கள்.

அடுத்தது புன்னை. பொறுமை வேண்டும், மெதுவாகத்தான் வளரும். ஆனால் அந்த இலையை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்: தோல் மாதிரி கெட்டியாக, நடு நரம்பிலிருந்து நெருக்கமாக இணைகோடு போட்டது போல நரம்புகள், எண்ணெய் தடவின மினுக்கு. உப்புக்காற்றை வாங்கவென்றே செய்த இலை. அந்தக் காலத்தில் இதன் கொட்டை எண்ணெயில்தான் விளக்கு எரித்தார்கள், கட்டையில் படகு செய்தார்கள். வௌவால் வரும், வாசலில் காய் விழும், பெருக்க வேண்டும். அவ்வளவுதான் தொல்லை.

மகிழத்தைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். தியாகராஜர் கோயில் தலமரம். சுந்தரர் சங்கிலி நாச்சியாரிடம் "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்தது மகிழ மரத்தடியில்தான். சந்நிதியில் செய்கிற சத்தியம் தன்னைக் கட்டிப்போடக் கூடாது என்று, அந்த நேரத்துக்குச் சாமியைச் சந்நிதியை விட்டு மரத்தடிக்குப் போய்விடச் சொல்லி வைத்திருந்தார் சுந்தரர். சாமியோ சங்கிலியாரின் கனவில் போய், மரத்தடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். சரி, தோட்டத்துக்கு வருவோம். மகிழம் அடர்த்தியான நிழல், வருஷம் முழுக்கப் பச்சை, கடல்காற்றும் அதற்குப் பொருட்டில்லை. சின்ன வாசலுக்கு இதைவிடப் பாந்தமான மரம் எனக்குத் தெரியாது.

என் கொழுந்தனார் மணலி புதுநகரில் வீடு கட்டுகிறார். "அண்ணி, உங்க வீட்டுல நல்லா வர்றதெல்லாம் எனக்கும் ஒண்ணொண்ணு குடுங்க" என்றார். "உன் வீட்டுக்கு அது சரிப்படாதுப்பா" என்றேன். காற்று ஒன்றுதான், தரை வேறு. கொசஸ்தலை ஆற்றில் பூண்டி ஏரியின் உபரி நீரைத் திறந்துவிட்டால் அந்தப் பக்கம் தண்ணீர் நாள் கணக்கில் நிற்கும். பப்பாளி வேர் இரண்டு நாள் தண்ணீரில் நின்றாலே போய்விடும். முருங்கையும் அப்படித்தான். எங்கள் வீட்டில் மொட்டை மாடி அளவுக்கு வளர்ந்து நிற்கிற முருங்கையைப் பார்த்து அவர் ஆசைப்பட்டால் நான் என்ன செய்வது? தண்ணீர் நின்றாலும் தாங்குகிற நாவல், புங்கன், தென்னை, பூவரசு என்று எழுதிக் கொடுத்தேன். என் ஓரகத்திக்கு மாமரம் வேண்டுமாம். மாமரம் உப்புக்கும் சரிப்படாது, வேரில் தண்ணீர் தேங்கி நின்றாலும் நலிந்துவிடும். சப்போட்டா வை, உப்பைத் தாங்கும், மேடு கட்டி வைத்தால் போதும் என்றேன். முகம் கொடுத்துப் பேசவில்லை.

வேம்பைப் பற்றி ஒரு விஷயம். மழைக்காலம் தொடங்கும்போது வேப்ப மரத்தில் கொழுந்துகள் நெருப்பில் வாட்டின மாதிரி காய்ந்து தொங்குவதைக் கொஞ்ச வருஷங்களாகப் பார்த்திருப்பீர்கள். தேயிலைக் கொசு என்கிற பூச்சி சாற்றை உறிஞ்ச, அந்தக் காயத்தில் பூஞ்சையும் சேர்ந்துகொள்கிறது. மரம் செத்துவிட்டது என்று ஆளை வைத்து வெட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் தை, மாசியில் திரும்பத் துளிர்த்துவிடும்.

முருங்கைக் கம்பளிப்பூச்சிக்கும் பயந்து மரத்தை வெட்ட வேண்டியதில்லை. பகலில் மொத்தமும் அடிமரத்தில் ஒரே திட்டாக அப்பிக்கிடக்கும். சோப்புத் தண்ணீரை அழுத்தமாகப் பீய்ச்சினால் வேலை முடிந்தது, நாம்தான் முழுக்கை சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். தென்னை ஓலையிலும் கீழே இருக்கிற செடியிலும் கரி பூசின மாதிரி கறுப்பு படிந்தால், காரணம் ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக முட்டை வைத்திருக்கிற வெள்ளை ஈ. 2016 வாக்கில் நம் பக்கம் வந்தது. விஷ மருந்து அடித்தால் அதைத் தின்கிற நல்ல பூச்சிதான் முதலில் சாகும். தண்ணீரைப் பீய்ச்சுவதே மேல்.

சின்னச் செடிகளில் நந்தியாவட்டை, அரளி, மருதாணி எல்லாம் கவலையில்லாதவை. அரளியில் விஷம் உண்டு, கைக்குழந்தை இருக்கிற வீட்டில் வேண்டாம். இட்லிப்பூ நன்றாக வரும், ஆனால் வீடு கட்டின ராபிஷ் கொட்டின மண்ணில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். சிமென்ட் சுண்ணாம்பு கலந்த மண்ணிலிருந்து அதனால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. ஒரு முழம் ஆழத்துக்கு அந்த மண்ணை அள்ளிவிட்டுச் செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்புங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வரும், வந்த கொப்பை ஒடித்துவிடலாம். தொட்டிகளை ஒட்டி ஒட்டி அடுக்காமல், இரண்டுக்கும் நடுவில் கை போய் வருகிற இடம் விடுங்கள். காற்று புகுந்தால் இலை காயும், பாதி நோய் வராது. தண்ணீரைக் காலையில் வேருக்கு ஊற்றுங்கள், சாயங்காலம் தலைக்கு ஊற்ற வேண்டாம். தேங்காய் நார்த்தூள் மட்டும் போட்ட தொட்டி கார்த்திகையில் சொதசொதவென்று ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்கு மணல் கலந்தால் தண்ணீர் வடியும்.

மரக்கன்று என்றால் ஆடி, ஆவணியில் நடுவது நல்லது, ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துக்கொள்ளும். வாங்கும்போது பையை லேசாக அமுக்கி, அடியில் வேர் சுற்றிச் சுற்றி வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படிச் சுருண்ட கன்று பெரிதானாலும் காற்றுக்குச் சாயும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.