கொசப்பேட்டை வரை ஒரு நடை: மண்ணும் டைல்ஸும் தேடி

கைவினை மண்பாண்டமோ பீங்கானோ வாங்கி வீட்டை அழகுபடுத்த வேண்டும் என்றால், சென்னைவாசிகள் காரை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஆர்வம் மிகுந்தவர்கள் புதுச்சேரி வரை போகிறார்கள். போவதில் தவறில்லை. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் அங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியிலும், அங்கே பயின்று தனிப் பட்டறை போட்டவர்களிடமும் கிடைக்கும் கோப்பைகளைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. விலைச்சீட்டைப் பார்த்தால் கை தானாகவே வைத்துவிடும்.

மாதவரத்தில் நாங்கள் குடிவந்த அடுக்ககத்து வீட்டில் எல்லாமே புதிது, எல்லாமே வெள்ளை. தரையில் குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்த பளபளப்பான டைல்ஸ். நாடு முழுக்கப் புது வீடுகளின் தரை அந்த ஊரிலிருந்துதான் வருகிறது என்றாலும் பெரிய பிழை இல்லை. நீளமான ஒரு வெள்ளைச் சுவரும், காலியான பால்கனியும் ஏதாவது செய் என்று கேட்டுக்கொண்டே இருந்தன. நான் மகாபலிபுரம் பக்கம் போகலாமா என்று யோசித்தபோது என் நாத்தனார் சிரித்தாள். பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவள். "வட சென்னையிலேயே குடியிருந்துகொண்டு மண் வாங்க மகாபலிபுரம் போவார்களா அண்ணி?"

மாசி மாதம். மூலக்கடை வழியாக வள்ளலார் நகர் போகும் பஸ்ஸில் ஏறினோம். வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று சொல்லி, முதலில் தன் பெரியம்மா வீட்டுப் பக்கம் அழைத்துப்போனாள்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ராயபுரம் வரை சந்து சந்தாக நடந்தால் ஒன்று கண்ணில் படும். வீட்டின் முன்சுவரில் இடுப்பளவுக்கோ முழு உயரத்துக்குமோ டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். பச்சை, நீலம், ரோஜா நிறம், பூப்போட்டது, கட்டம் போட்டது. குளியலறை டைல்ஸை எடுத்து வாசலில் ஒட்டிவிட்டார்கள் என்று கேலி செய்பவர்கள் உண்டு. கடலோரத்தில் வாழ்ந்து பார்க்காதவர்களின் கேலி அது. காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு சுவர்ப்பூச்சுக்குள் இறங்குகிறது. வெயில் ஏறியதும் ஈரம் போய், உப்பு மட்டும் படிகமாகத் தங்குகிறது. அந்தப் படிகம் வளர்ந்து பூச்சைப் பொருக்குப் பொருக்காக வெளியே தள்ளுகிறது. எவ்வளவு உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் அடியிலிருந்து வரும் உப்புக்கு முன்னால் நிற்காது. மெருகிட்ட டைல்ஸ் வெளியிலிருந்து உப்பை உள்ளே விடாது. துணியால் துடைத்தால் போதும். தேவைக்காக ஒட்டியவர்கள், ஒட்டுவதுதான் ஒட்டுகிறோம், கொஞ்சம் கலராக இருக்கட்டுமே என்று நினைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணம் பிடித்திருக்கிறது.

நிலைப்படிக்கு மேலே சாமி டைல்ஸ். ஒரே நடையில் பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, காபா மூன்றும் மூன்று வாசல்களில் வந்துவிடும். இதே டைல்ஸ் மதில்சுவரின் அடியில் வரிசையாக இருந்தால் அதன் வேலை வேறு: அங்கே யாரும் சிறுநீர் கழிக்கக் கூடாது. தெய்வங்களுக்கு இப்படியொரு காவல் வேலையைக் கொடுத்ததைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் பலன் இருக்கிறது என்பதையும் மறுக்க முடியவில்லை.

பெரியம்மாவின் வீடு மெட்ராஸ் டெரஸ் வகைக் கட்டடம். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கற்களைக் குத்துவாட்டில் நெருக்கி, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டையான சுட்ட ஓடுகளைப் பதிப்பார்கள். இரும்புக் கம்பி கிடையாது, ஆகவே துருப்பிடித்து வெடிக்க வேண்டிய எதுவும் இல்லை. மொட்டை மாடிக்கு ஏறினோம். ஒரு பக்கம் பழைய சிவப்பு ஓடு. ஒழுகியதால் பழுது பார்த்த மறுபக்கம் உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டுகள் பதித்த தளம். வெள்ளைப் பகுதியில் வெறுங்காலோடு நிற்க முடிந்தது; சிவப்பில் முடியவில்லை. கடையில் உடைந்துபோன டைல்ஸை மூட்டையாக வாங்கிவந்து, கொத்தனார் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதித்தாராம். வெயிலைத் திருப்பியனுப்புவதும், சரியாகப் பதித்தால் மழைநீரைத் தடுப்பதும் ஒரே செலவில் முடிகிறது. அதன் மேல் அன்றைக்கு நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது.

கீழே சமையலறையில்தான் நான் மாட்டிக்கொண்டேன். மேல்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி வெள்ளையுமான பெரிய பீங்கான் ஜாடி. கல்லுப்பு போட்டு வைத்திருந்தார். உப்பும் புளியும் எவர்சில்வரைக்கூடக் காலப்போக்கில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். மெருகிட்ட ஜாடிக்கு ஒன்றும் ஆகாது. என் பார்வையைப் பெரியம்மா கவனித்துவிட்டார்.

"பிடித்திருந்தால் எடுத்துக்கொண்டு போ அம்மா. பரணில் இன்னொன்று இருக்கிறது."

"கூடத்து மூலையில் வைத்துத் தாமரைத் தண்டு சொருகினால் அழகாக இருக்கும் பெரியம்மா."

அவர் முகம் மாறியது. "பூ வைப்பதற்கு என்றால் தர மாட்டேன். மாங்காய் போடுவதாக இருந்தால் எடுத்துக்கொள்."

மாங்காய் போடுவதாக ஒப்புக்கொண்டு வாங்கிக்கொண்டேன். அன்று நான் கேட்ட உள்ளலங்கார யோசனைகளில் இதுதான் சிறந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். புழங்காத பொருள் வீட்டில் தூசியைத்தான் சேர்க்கிறது.

அங்கிருந்து பாரிமுனை. நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலைக்கு முன்பு சைனா பஜார் என்று பெயர். பெரியம்மா தலைமுறை இன்னமும் அப்படித்தான் சொல்கிறது. எதிரே 1892இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றத்தின் செங்கல் சிவப்பு. சுட்ட மண்ணில் எவ்வளவு அலங்காரம் செய்யலாம் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று இந்த நகரத்தில் இல்லை. மூலையில் பாரி நிறுவனத்தின் டேர் ஹவுஸ். அந்தப் பெயரைத்தான் நாம் தினமும் காலையில் கழிப்பறையில் 'பாரிவேர்' என்று வாசித்துக்கொண்டிருந்தோம். பீங்கான் என்றதும் எல்லோருக்கும் பூச்சாடி நினைவுக்கு வருகிறது; அதிகம் புழங்கும் பீங்கானை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கடைத்தெருவில் பீங்கான் தட்டும் கோப்பையும் மலையாகக் கிடந்தன. எல்லாம் ஆலைச் சரக்கு. நாங்கள் நிற்கவில்லை. ஆட்டோ பிடித்துச் சூளை என்ற பகுதி வழியாகக் கொசப்பேட்டை போனோம்.

கொசப்பேட்டை புரசைவாக்கத்தை ஒட்டி, பட்டாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மண்பாண்டம் செய்யும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். விநாயகர் சதுர்த்திக்கும் கொலுவுக்கும் நகரமே இங்கே வரும். மாசியில் கூட்டமில்லை. வாசல்தோறும் கோடைக்கான தண்ணீர்ப் பானைகள், பாதிக்கு மேல் பிளாஸ்டிக் குழாய் வைத்தவை. நாங்கள் போன வீட்டில் ஓர் அம்மா பொம்மை அச்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மகன் மின்சாரச் சக்கரத்தில் உட்கார்ந்திருந்தார்.

பானை முழுவதும் சக்கரத்திலேயே உருவாகிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கழுத்தும் தோளும்தான் சக்கரத்தின் வேலை. அடிப்பகுதி தடித்தும், சில சமயம் திறந்தும் இருக்கும். ஓரளவு இறுகியதும் உள்ளே ஓர் உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி வயிற்றை உருட்டிக் கொண்டுவருகிறார்கள். சுவர் மெல்லியதாவதும் வலுப்பெறுவதும் அந்தத் தட்டலில்தான். நிழலில் காய வைக்க வேண்டும். நேரே வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முந்திக்கொண்டு சுருங்கி விரிசல் விடும். சூளையில் அறுநூறு டிகிரியை நெருங்கும்போது களிமண்ணோடு கட்டுண்டிருக்கும் நீரும் போய்விடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது சேறாகாது. சதுர்த்திப் பிள்ளையாரைச் சுடாமல் விடுவதும் இதனால்தான். கரைய வேண்டியவரைச் சுடக் கூடாது. விறகுச் சூளையின் சூட்டில் மண்ணில் நுண்துளைகள் எஞ்சியிருக்கும். அந்தத் துளைகள் வழியே கசிந்து ஆவியாகும் நீர்தான் பானைத் தண்ணீரைக் குளிரவைக்கிறது.

அந்த அம்மா பானையை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். கணீரென்றால் நன்றாக வெந்தது, மொத்தென்றால் விரிசல் அல்லது அரைவேக்காடு. பூ மிதக்கவிட அகன்ற சட்டி ஒன்று, பால்கனிக்குத் தொட்டிகள், ஓர் உண்டியல் எல்லாம் தட்டித் தட்டியே எடுத்தோம்.

சுவருக்கான யோசனை அந்த அச்சுகளைப் பார்த்தபோது வந்தது. கொலுப் பொம்மை அச்சு இரண்டு பாதி: முன்பக்கம், பின்பக்கம். இரண்டிலும் களிமண்ணை அப்பி ஒட்டினால் பொம்மை. முன்பாதியை மட்டும் ஒரு தட்டையான பலகையில் பதித்தால் புடைப்புச் சிற்பம் கிடைக்குமே!

"அம்மா, கிளி அச்சில் முன்பக்கம் மட்டும் எடுத்து, சதுர வில்லையில் ஒட்டித் தர முடியுமா? பெயின்ட் வேண்டாம். சுட்டால் போதும்."

அவர் மகனைப் பார்த்தார். "பாதிப் பொம்மைக்கும் முழு விலைதானே?" என்றார் மகன், தலையை நிமிர்த்தாமல். சிரித்துப் பேசிக் கிளி, தாமரை, யானை என்று முடிவானது. பின்புறம் வழவழப்பாக இருக்கக் கூடாது, சிமெண்ட் பிடிக்க வரிக்கோடு போட வேண்டும் என்று அவரே சேர்த்துச் சொன்னார். நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

திரும்பும் வழியில் பெரியமேட்டில் அரசு கவின்கலைக் கல்லூரி. அது வட சென்னையா, நடுச் சென்னையா என்று நாத்தனாரும் நானும் ஆட்டோவிலேயே சண்டை போட்டோம். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய ஓவியப் பள்ளி அது. இன்றும் அங்கே பீங்கான் கலைக்குத் தனித்துறை இருக்கிறது, பட்டம் தருகிறார்கள். கொசப்பேட்டையிலிருந்து நடந்தே வந்துவிடலாம். ஆனால் இந்தப் பக்கம் களிமண்ணைத் தொட்டால் கலைஞர், அந்தப் பக்கம் தொட்டால் தொழிலாளி. கையைப் பார்த்தால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. விலையில் நன்றாகத் தெரிகிறது.

வில்லைகள் வந்த பிறகு கொத்தனாரை அழைத்தோம். பதிப்பதற்கு முன் தண்ணீரில் ஊறப்போட்டார். வறண்ட சுடுமண் கலவையின் ஈரத்தைக் குடித்துவிட்டால் சிமெண்ட் சரியாக இறுகாது. கையால் செய்ததால் ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை கூடவோ குறையவோ இருந்தது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்துச் சலித்துக்கொண்டவர், இடைவெளியை அகலமாக விட்டுக் கணக்கைச் சரிசெய்தார். வாசலுக்கு மட்டும் ஆத்தங்குடிக் கல் சிலவற்றைக் காரைக்குடிப் பக்கமிருந்து வரவழைத்தோம். அது சூளையையே பார்க்காத சரக்கு: கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறச் சிமெண்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடியின் மினுமினுப்பு அப்படியே கல்லில் ஏறிவிடுகிறது.

போக விரும்புகிறவர்களுக்கு: தைப் பொங்கலுக்குப் பொங்கல் பானை, பங்குனி சித்திரையில் தண்ணீர்ப் பானை, ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, கார்த்திகைக்கு அகல் விளக்கு. இந்த அவசரங்களுக்கு நடுவே போய் நின்று பாதிக் கிளி கேட்டால் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் எதுவும் காயாது. மாசிதான் தோது. பழைய செய்தித்தாளும் ஒரு போர்வையும் கையோடு எடுத்துப் போங்கள். பஸ்ஸில் பானையை மடியில் வைத்துக்கொண்டு வர முடியாது, ஆட்டோவுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். ஆர்டர் கொடுத்தால் முன்பணம் தரத் தயங்காதீர்கள். மண்ணும் விறகும் அவர்களுக்குக் கடனில் கிடைப்பதில்லை.