உள்ளங்காலில் ஒரு மச்சம்

2022 தீபாவளிக்கு மகள் எனக்கு மருதாணி வைத்துவிட்டாள். கைக்கு வைத்தது போக மீதம் இருந்ததைப் பாதத்தின் ஓரத்திலும் குதிகாலிலும் பூசினாள். மூன்று வாரத்தில் எல்லா இடமும் வெளுத்துவிட்டது. இடது குதிகாலின் உள்பக்கத்தில் மட்டும் ஒரு திட்டு போகவே இல்லை. "அம்மா, இங்க மட்டும் நல்லா பிடிச்சிருக்கு" என்றாள். உற்றுப் பார்த்தேன். அது மருதாணிச் சிவப்பு இல்லை, கருப்பு. ஒரு பக்கம் காப்பிப்பொடி நிறத்தில் கரைந்து போயிருந்தது.

திருச்சியில் இருக்கும் அம்மாவிடம் வீடியோ அழைப்பில் காட்டினேன். "உள்ளங்கால்ல மச்சம் இருந்தா கடல் தாண்டிப் போவாங்கம்பாங்க. நீ சிட்னி போயே பதினாலு வருஷம் ஆச்சு, இப்ப எதுக்கு வருது?" என்றார். அந்தக் கேள்வியை அன்றைக்கே நான் ஒரு மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் உள்ளங்காலில் புதிதாக எதற்கு ஒரு மச்சம் வருகிறது?

இங்கே ஜி.பி. என்று சொல்லும் குடும்ப மருத்துவரிடம் ஜனவரியில்தான் போனேன். மரு என்றார். திரவ நைட்ரஜன் வைத்து உறையச் செய்தார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. ஒவ்வொரு தடவையும் கொப்புளம் கட்டி, தோல் உரிந்து, அடியிலிருந்து அதே கருப்பு மறுபடி வந்தது. அப்படியே நான்கு மாதம் போய்விட்டது. கருப்பாக இருக்கும் ஒன்றைத் துளி கூட வெட்டிச் சோதனைக்கு அனுப்பாமல் திரும்பத் திரும்ப உறைய வைத்தது தவறு. இன்றைக்கும் அதில் எனக்குக் கோபம் உண்டு. "உங்க நிறத்துக்குத் தோல் புற்றுநோய் பயமெல்லாம் வேண்டாம்" என்று அவர் சொன்னபோது நானும் தலையாட்டிவிட்டேன்.

அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் வெயிலை நன்றாகவே தடுக்கிறது. அதனால்தான் சென்னையின் மே மாத வெயிலில் வேலை செய்தாலும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நம்மிடம் அரிது. வெளுத்த தோலோடு கடும் வெயில் நாட்டில் வாழும் ஆஸ்திரேலியர்களுக்கோ இது பரவலான நோய். ஆனால் மெலனோமாவில் அக்ரல் என்று ஒரு வகை உண்டு. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடி என்று வெயில் படாத இடங்களில் வருவது. ஆசியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் வரும் மெலனோமாவில் பெரும்பங்கு இதுதான். பாடகர் பாப் மார்லியின் கால் கட்டைவிரல் நகத்தடியில் தொடங்கியதும் இந்த வகைதான். 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36.

மே மாதம் வேறொரு ஜி.பி.யிடம் போனேன். சளிக்குத்தான் போனேன், போகிற போக்கில் காலையும் காட்டினேன். அந்தப் பெண் மருத்துவர் மேசை இழுப்பறையிலிருந்து டெர்மாஸ்கோப்பை எடுத்தார். விளக்கு வைத்த பூதக்கண்ணாடி போன்ற கருவி அது. பார்த்துக்கொண்டே இருந்தார், பேசவில்லை. பிறகு அதைப் போனில் மாட்டிப் படம் எடுத்து எனக்கும் காட்டினார். உள்ளங்கால் தோலில் கைரேகை மாதிரியே வரப்பும் பள்ளமுமாக வரிகள் ஓடுகின்றன. வரப்புகளின் மேல் வியர்வைத் துளைகள் வரிசையாக வெள்ளைப் புள்ளி வைத்தாற்போல் தெரியும். சாதாரண மச்சத்தில் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் தங்கும். என்னுடையதில் வரப்பு வரப்பாக ஏறியிருந்தது. "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று மட்டும் சொல்லி, தோல் மருத்துவரிடம் அந்த வாரமே நேரம் வாங்கிக் கொடுத்தார். என் உயிர் இன்று இருப்பதற்கு அந்த இழுப்பறைக் கருவிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சிறு துண்டு வெட்டிச் சோதித்த பயாப்ஸியின் முடிவு ஜூனில் வந்தது. அக்ரல் மெலனோமா, பிரெஸ்லோ தடிமன் 2.3 மில்லிமீட்டர். தோலின் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்கிற கணக்கு அது. இந்த நோயில் மேலே தெரியும் அகலத்தைவிட ஆழம்தான் முக்கியம். 1 மில்லிமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் வெட்டி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்த நான்கு மாதத்தில் என்னுடையது எவ்வளவு இறங்கியிருக்கும் என்று இரவெல்லாம் கணக்குப் போட்டேன். விடை கிடைக்கிற கணக்கு இல்லை அது.

அறுவை சிகிச்சை ஜூலையில். அன்று காலை முதலில் அணு மருத்துவப் பிரிவு. தழும்பைச் சுற்றி நான்கு ஊசி, தேள் கொட்டினாற்போல் இருந்தது. மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்து நிணநீர்க் குழாய் வழியாக மேலே ஏறி, தொடையிடுக்கில் எந்த நிணநீர் முடிச்சில் முதலில் சேர்கிறது என்று கேமராவில் பார்த்தார்கள். புற்றுநோய் பரவினால் அங்கேதான் முதலில் போகும் என்பதால், அந்த இடத்தில் பேனாவால் பெருக்கல் குறி போட்டார்கள். அந்த முடிச்சை எடுத்தார்கள், குதிகாலில் சுற்றிலும் 2 சென்டிமீட்டர் விட்டு வெட்டினார்கள். சின்ன இட்லி அளவு குழி. தொடையிலிருந்து தோல் சீவி அதில் ஒட்டினார்கள். அறுவை அறையில் ஏற்றிய நீலச் சாயத்தால் மறுநாள் சிறுநீர் பச்சையாக வந்தது, முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. வெட்டிய காலைவிடத் தோல் எடுத்த தொடைதான் அதிகம் எரிந்தது. யாராவது இதைச் செய்துகொள்ளப் போகிறீர்கள் என்றால் தளர்வான பருத்தி நைட்டிகளை எடுத்து வையுங்கள். ஆறு வாரம் அந்தக் காலை ஊன்றவே கூடாது. முழங்காலை வைத்துத் தள்ளும் வண்டியில்தான் சமையலறைக்குப் போனேன்.

எடுத்த முடிச்சில் கொஞ்சம் புற்றுச் செல்கள் இருந்தன. நிலை 3பி, அதாவது பக்கத்து முடிச்சு வரை பரவிவிட்ட கட்டம். முன்பெல்லாம் இந்தக் கட்டத்தில் தொடையிடுக்கு முடிச்சுகளை முழுக்க எடுத்துவிடுவார்களாம், பலருக்குக் கால் வாழ்நாள் முழுக்க வீங்கியிருக்கும். அப்படி எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியபின், அல்ட்ராசவுண்டில் கண்காணித்தால் போதும் என்று மாறிவிட்டது. எனக்கு அதுதான்.

அப்புறம் இம்யூனோதெரபி, உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை. செப்டம்பரில் தொடங்கி, ஆறு வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஒன்பது. மருந்து பெம்ப்ரோலிசுமாப். நோயோடு போராடும் நம் உடம்பின் டி செல்களுக்கு பிடி-1 என்று ஒரு பிரேக் இருக்கிறது. புற்றுநோய் அந்தப் பிரேக்கை மிதித்துக்கொண்டு தப்பிக்கிறது, இந்த மருந்து அதை விடுவிக்கிறது. இப்படிப்பட்ட பிரேக்குகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு வழி திறந்ததற்காக ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. 2011க்கு முன் மெலனோமா பரவிவிட்டால் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டுவதே அரிது. இன்று இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளைச் சேர்த்துப் பெற்றவர்களில் பத்தாண்டு கழித்தும் நூற்றில் நாற்பது பேருக்கு மேல் உயிரோடு இருக்கிறார்கள். 2024 ஜனவரியில், இந்தத் துறையில் உழைத்த ஜார்ஜினா லாங்கும் ரிச்சர்ட் ஸ்கோலியரும் அந்த ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்களாக அறிவிக்கப்பட்டதைச் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு பார்த்தேன், அழுதேன்.

அக்ரல் வகையில் இந்த மருந்துகளின் பலன் மற்றதைவிடக் குறைவு என்பதை என் மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். மறைக்காமல் சொன்னது நல்லது. அரை மணி நேர டிரிப், முடி கொட்டவில்லை, வாந்தி இல்லை. ஆனால் நான்காவது டோஸுக்குப் பிறகு எந்நேரமும் தூக்கம், குளிர்காலத்தில்கூட வராத குளிர். தைராய்டு படுத்துவிட்டது. தினமும் காலையில் மாத்திரை, இனி எப்போதும். வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றே போன் செய்யச் சொல்லியிருந்தார்கள். பிரேக் அவிழ்ந்த டி செல்கள் குடலையும் தாக்கலாம்.

மகள் பள்ளியில் தொப்பி இல்லாமல் விளையாட விடமாட்டார்கள். சட்டை, கிரீம், தொப்பி என்று 1981இலிருந்து இந்த நாடு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைக் காட்டும் யுவி அளவு 3ஐத் தொட்டால் அவளுக்கு நான் கிரீம் தடவுகிறேன். மாநிறத் தோலும் வெந்துபோகும், அது முழுக் கவசம் இல்லை. ஆனால் எந்தக் கிரீமும் என் குதிகாலைக் காப்பாற்றியிருக்காது. ஆகவே குளித்துத் துவட்டும்போது அவள் பாதத்தையும் விரலிடுக்கையும் நகத்தையும் பார்க்கிறேன். புதிதாக வந்து வளரும் கருந்திட்டு, நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கருங்கோடு, நகத்தைத் தாண்டித் தோலுக்கு வழியும் கருப்பு, ஆறாத புண். இவற்றில் எதைக் கண்டாலும், கால் ஆணி என்று யார் சொன்னாலும், பயாப்ஸி கேளுங்கள்.

எனக்கு நடந்ததைக் கேட்டு ஊரில் அத்தை, சித்தப்பா எல்லாரும் பாதத்தைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அத்தையின் பாதத்தில் ஒரு கருப்புப் புள்ளி இருந்தது, தோல் மருத்துவரிடம் அனுப்பினோம். சாதாரண மச்சம்தான்.

கடைசி டோஸ் 2024 ஆகஸ்டில் முடிந்தது. அந்தத் தீபாவளிக்கு மகள் மறுபடி மருதாணி வைத்தாள். பாதமெல்லாம் கருஞ்சிவப்பாகப் பிடித்தது. தொடைத் தோல் ஒட்டிய வட்டம் மட்டும் ரேகை எதுவும் இல்லாமல் வெளிர் ஆரஞ்சாக நின்றது. மெல்லிய தோலில் அவ்வளவுதான் பிடிக்குமாம். அவள் அதன் நடுவில் ஒரு சின்னப் பூ வரைந்தாள். அடுத்த ஸ்கேன் அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள்.