கடையைச் சாத்திவிட்டுக் குடிநோயாளிகளுக்குக் கவுன்சலிங் தரும் வேலைப் பக்கம் வருகிறவர்கள் கவனத்துக்கு

வியாபாரத்தை மூடுவது சுலபம்தான். ஜிஎஸ்டி பதிவு ரத்துக்கு ஆர்இஜி-16 படிவம். பலர் கோட்டைவிடுவது அதற்கடுத்த ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்னை. ரத்தான மூன்று மாதத்துக்குள் தாக்கல் செய்யாவிட்டால் தாமதக் கட்டணம் ஏறும். கையிருப்புச் சரக்குக்கு எடுத்த இன்புட் கிரெடிட்டையும் (கொள்முதலில் கட்டிய வரிக்கான கழிவு) திருப்பிக் கட்டவேண்டும் என்பதால் முதலில் சரக்கைத் தீர்த்துவிடுங்கள்.

மண்டை காய்வது படிப்பு விஷயத்தில். 'இந்த வயசுல காலேஜா, தபால்ல சைக்காலஜி முடிச்சிடலாம்' என்ற கணக்கு இனி செல்லாது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில் சட்டத்தைக் காட்டி, சைக்காலஜியைத் தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து நிறுத்திவிட்டது. இதற்குப் பிறகும் ஒரு மையத்தில், "ஃபீஸைக் கட்டிடுங்க சார், பார்த்துக்கலாம்" என்றார்கள். யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பணம் தப்பித்தது, ஒரு நாள் போச்சு.

நேரடி எம்.எஸ்சி. சைக்காலஜிக்குப் பல கல்லூரிகளில் இளநிலையிலும் சைக்காலஜி வேண்டும். பி.காம். ஆட்களுக்குத் தோதானது எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலை. 1952-இல் தொடங்கிய எழும்பூர் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் மாதிரி இடங்களில் இரண்டு வருடம், களப்பணியோடு. மருத்துவ, மனநலப் பிரிவை எடுங்கள். வகுப்பு பகலில், கல்லாவில் உட்கார்ந்துகொண்டே படிக்க முடியாது.

அடுத்த தலைவலி சான்றிதழ். டி.சி., மார்க் ஷீட், டிகிரி, வேறு பல்கலைக்கழகம் என்றால் மைக்ரேஷன் (இடம்பெயர்வுச் சான்று). 2015 வெள்ளத்தில் சான்றிதழைப் பறிகொடுத்தவர்கள் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணப் புகார் பதிந்து, அந்த ரசீதோடு நகலுக்கு விண்ணப்பிக்கலாம். நகல் வர நாளாகும், சேர்க்கை அதுவரை காத்திருக்காது. டிகிரியில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருந்தால் "ஒத்துப்போகலியே, நாளைக்கு வாங்க" என்று கவுன்டரில் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்ற நோட்டரி அஃபிடவிட்டை முதல் நாளே பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

களப்பணிக்கோ வேலைக்கோ போகும் மறுவாழ்வு மையம், 2017 மனநலச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவானதா என்று சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பதிவில்லாத இடத்து அனுபவக் கடிதத்தை நம்பி ஆறு மாதத்தைக் கரைக்காதீர்கள். சேவையும் தொண்டும் என்று எத்தனை பெரிய பலகை வைத்திருந்தாலும் சரி.

கடைசியாக, வியாபாரப் புத்தி. "நாளைலேருந்து குடியைச் சுத்தமா நிறுத்திடறேன் சார்" என்று கவுன்சலிங்குக்கு வந்தவர் சொன்னதும், ஆர்டர் பிடித்த மாதிரி மனசு குளிரும். ஆனால் வருடக்கணக்காகத் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுங்க ஆரம்பிக்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். அதையொட்டி வரும் குழப்பமும் பிரமையும் உயிரையே எடுக்கலாம். அதனால் கடைசியாக எப்போது குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, இரண்டையும் முதலிலேயே கேட்டு டாக்டரிடம் அனுப்புங்கள். பேச்சு அதற்கப்புறம்.