பானையில் வேகாமல் கிடந்த மணிகள்

முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ராத்திரிக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் என்னால் போக முடியவில்லை.

1914 செப்டம்பர் கடைசியில் மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள். பஞ்சாப், கர்வால், நேபாள மலைப்பக்கம் என்று பெரும்பாலும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். வெயிலுக்கான காக்கி உடுப்போடு ஐரோப்பியக் குளிருக்குள் போய், முழங்கால் சேற்றில் பதுங்குகுழியில் நின்றார்கள். 1915 மே மாதம் ஒரு அவில்தார், இந்தியாவில் இருந்த இன்னொரு சிப்பாய்க்கு, கடவுள் பேரைச் சொல்லி, இந்தப் போருக்கு வராதே, வராதே, வராதே என்று மூன்று தடவை எழுதுகிறார். குண்டுகள் ராப்பகலாக சாவன் மாதத்து மழை மாதிரி, அதாவது வடக்கே மழைக்காலத்து மழை மாதிரி, கொட்டுகின்றனவாம். இதுவரை தப்பித்தவர்கள் பானையில் வேகாமல் கிடக்கும் ஒன்றிரண்டு மணிகள் மாதிரி என்கிறார். சோறு வடித்துப் பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அந்த வரியில் அப்படியே நின்றுவிட்டேன்.

சரி, இதெல்லாம் நம் கைக்கு எப்படி வந்தது? பிரான்சில் பூலோன் என்ற ஊரில் இந்தியத் தபால்களுக்கென்றே ஒரு தணிக்கை அலுவலகம் இருந்தது. உருது, இந்தி, குர்முகி என்று வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்து, அவற்றில் சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து, வாராவாரம் அறிக்கையோடு மேலே அனுப்பினார்கள். வீடு போய்ச் சேர்ந்த காகிதங்கள் பெரும்பாலும் போன இடம் தெரியவில்லை. தணிக்கைக்காரர் எடுத்து வைத்த துண்டுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. வேவு பார்த்தவன் எழுதி வைத்ததுதான் நமக்கு மிச்சம் என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பிள்ளையின் சொந்தப் பேச்சு, அவன் ஊர் வழக்கு எல்லாம் போய்விட்டதே.

படிக்கிறார்கள் என்பது சிப்பாய்களுக்கும் தெரியும். அதனால்தான் கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகாய்தான் செலவாகிறது என்று ஒருவர் எழுதுகிறார். கறுப்பு இந்தியச் சிப்பாய், சிவப்பு வெள்ளைக்காரன். தணிக்கைக்காரருக்கும் அது புரிந்துதான் இருந்தது.

அப்புறம், பலருக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார். ஊரில் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அங்கேயும் யாராவது படித்துக் காட்ட வேண்டும். மகனுக்கும் தாய்க்கும் நடுவில் எழுதியவர், தணிக்கை செய்தவர், படித்தவர் என்று மூன்று பேர். தனியாகச் சொல்ல ஒரு வார்த்தை இருந்திருந்தால் அவன் அதை எங்கே வைத்திருப்பான்?

அந்த மூன்றாவது ஆளாக நான் இருந்திருக்கிறேன். பள்ளியில் படித்தபோது, எங்கள் தெருவில் ஒரு அத்தையின் மகன் ராணுவத்தில் இருந்தான். 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் முத்திரை குத்திய இன்லேண்ட் லெட்டர் வந்தால் அத்தை ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். 'சாப்பாட்டைப் பத்தி எழுதியிருக்கானா?' என்பதுதான் முதல் கேள்வி. ஒரு தடவை, பனியில் கால்விரல் கறுத்துப்போய் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததாக எழுதியிருந்தான். அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அத்தை மடித்த தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

'அவ்வளவுதானா எழுதியிருக்கான்? நிறைய எழுத்து இருக்கே.'

'அவ்வளவுதான் அத்தை.'