கடைசி போர்டு

2023 ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. துபாயில் குளோபல் செஸ் லீக்கின் முதல் சீசன் ஃபைனல் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள், என் தட்டில் தோசை ஆறிப்போய்க் கிடந்தது. திரிவேணி கான்டினென்டல் கிங்ஸும் அப்கிராட் மும்பா மாஸ்டர்ஸும் ரேபிட் என்ற வேக ஆட்டத்தில் ஆளுக்கொரு மேட்ச் ஜெயித்திருந்தார்கள், அதனால் அதைவிட வேகமான பிளிட்ஸுக்குப் போனது, பிளிட்ஸிலும் தீரவில்லை, கடைசியில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து ஆடி, அதில் யார் ஜெயிக்கிறாரோ அவருடைய அணிக்குக் கோப்பை என்ற கட்டத்துக்கு வந்து நின்றது. அரோனியன், வச்சியர் லக்ராவ், கிரிஷ்சுக், விதித், ஹம்பி, ஹரிகா என்று இவ்வளவு பெரிய பெயர்கள் இரண்டு பக்கமும் இருக்க, கோப்பையைத் தீர்மானித்த ஆட்டத்தை ஆடியது 19 வயது டென்மார்க் பையன் யோனாஸ் பியெர்ரேயும் 17 வயது உஸ்பெகிஸ்தான் பையன் ஜவோகிர் சிந்தரோவும். இரண்டு பேருமே அவரவர் அணியில் ஆறாவது போர்டு, அதாவது வரிசையில் கடைசி ஆட்டக்காரர்.

பியெர்ரே ஜெயித்தார். திரிவேணிக்குக் கோப்பை.

அன்றைக்கு என்னால் சீக்கிரம் தூங்க முடியவில்லை. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

இந்த லீக்கைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேவும் டெக் மகிந்திராவும் சேர்ந்து ஆரம்பித்தது. ஐபிஎல் மாதிரி முதலாளிகள் வாங்கிய ஆறு அணிகள். ஒவ்வொரு அணியிலும் ஆறு பேர்: ஐகான் என்று ஒருவர், அடுத்து இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், கடைசியாக பிராடிஜி என்று ஓர் இளம் ஆட்டக்காரர். ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்து அணிகளோடும் இரண்டிரண்டு முறை மோத வேண்டும், முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு ஃபைனல். ஆனந்த் கேஞ்சஸ் கிராண்ட்மாஸ்டர்ஸில் இருந்தார், அவர் அணியில் முன்னாள் மகளிர் உலக சாம்பியன் ஹோ இஃபானும் உண்டு. அந்த ஏப்ரலில்தான் அஸ்தானாவில் டிங் லிரனிடம் உலகப் பட்டத்தைக் கோட்டைவிட்டிருந்த நெப்போம்னியாச்சி பாலன் அலாஸ்கன் நைட்ஸில். கார்ல்சன், எஸ்ஜி ஆல்பைன் வாரியர்ஸில்.

நம்மூரில் முக்கால்வாசிப் பேர் ஆல்பைன் வாரியர்ஸ் பக்கம்தான் இருந்தோம். கார்ல்சன் இருக்கிறார் என்பதால் மட்டும் இல்லை. அவரோடு குகேஷ், அர்ஜுன் எரிகைசி, பிரக்ஞானந்தா என்று நம் பையன்கள் மூன்று பேரும் ஒரே அணி! குகேஷுக்கும் பிரக்ஞானந்தாவுக்கும் அப்போது ஒரே வயது, 17. குகேஷ் பெரிய ஆட்கள் உட்காரும் போர்டில் ஆடினார், பிரக்ஞானந்தா பிராடிஜி போர்டில். ஆரம்பிக்கும் முன்பே கோப்பை இவர்களுக்குத்தான் என்று நான் நண்பர்களிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். ஆனால் ஃபைனலுக்கே வரவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. இன்னொரு பக்கம், தனித்தனியாகப் பார்த்தால் பயமுறுத்தும் நாலு பேர் ஒரே அணியில் இருந்தும் கோப்பை கிடைக்கவில்லை என்றால் மற்ற போர்டுகளுக்கும் அதே கனம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மதிப்பெண் முறை. வெள்ளையில் ஜெயித்தால் 3, கறுப்பில் ஜெயித்தால் 4, டிராவுக்கு 1. சாதாரண டீம் டோர்னமென்டில் ஒரு போர்டு வெள்ளை என்றால் அடுத்த போர்டு கறுப்பு, மாறி மாறி வரும். இங்கே ஒரு மேட்சில் அணி முழுக்க ஒரே நிறம். உங்கள் அணி கறுப்பு என்றால் ஆறு பேருக்கும் கறுப்பு.

மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன விஷயம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளை அணி ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டது, நாலு ஆட்டம் டிரா. 3 கூட்டல் 4, ஏழு. கறுப்பு அணிக்கு நாலு டிராவிலிருந்து 4 மட்டும். ஒரே ஒரு போர்டு பாக்கி. பழைய முறையில் அந்த போர்டில் தோற்றாலும் மேட்ச் சமம், வெள்ளை அணி நிம்மதியாக மூச்சு விடலாம். இங்கே அந்த ஒரு போர்டில் கறுப்பு ஜெயித்தால் 8-7, மேட்சே போய்விடும். ஆக, முன்னிலையில் இருக்கிற அணியின் கடைசி ஆட்டக்காரர்தான் அந்த ஹாலிலேயே அதிகம் வியர்ப்பவர். எதிரே கறுப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு டிரா பண்ணி எந்தப் பிரயோஜனமும் இல்லை, தோற்றாலும் பரவாயில்லை என்று அடித்து ஆடியே ஆக வேண்டும். கிராண்ட்மாஸ்டர்கள் இருபது நகர்த்தலில் கைகுலுக்கிவிட்டுக் காபி குடிக்கப் போகிறார்கள் என்று நாம் எத்தனை வருஷமாகப் புலம்பியிருக்கிறோம்! நான் பார்த்த மேட்சுகளில் ஸ்கோரைப் பார்த்துவிட்டு, டிரா ஆகவேண்டிய யானை முடிவாட்டத்தை விடாமல் இழுத்துக்கொண்டே போனவர்கள் நிறைய.

இன்னொன்று, பெண்கள் போர்டு. ஹம்பியோ திரிவேணியின் லாக்னோவோ கறுப்பில் ஜெயித்தால் 4, கார்ல்சன் கறுப்பில் ஜெயித்தாலும் அதே 4. முந்தின வருஷம் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது நாம் ஓபன் பிரிவை ஒரு ஹாலிலும் மகளிர் பிரிவைத் தலையை நீட்டியும் பார்த்தோம் என்பதுதான் உண்மை, ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து ஆடி இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியபோதுகூட. இங்கே அப்படிப் பார்க்கவே முடியாது. மும்பா மாஸ்டர்ஸ் ஜெயிக்குமா என்று தெரிய வேண்டுமென்றால் ஹம்பியின் பலகையையும் ஹரிகாவின் பலகையையும் பார்த்தே தீர வேண்டும். என் மனைவி அதுவரை செஸ் பக்கமே வராதவள், ஃபைனல் அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து "ஹரிகா என்ன ஆச்சு, ஹரிகாவைக் காட்டச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

குறையும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு அணிகளில் எதுவும் ஒரு ஊரின் அணியாக எனக்குப் படவில்லை. மும்பா மாஸ்டர்ஸ் பெயரிலாவது ஒரு ஊர் இருந்தது. மற்றபடி கங்கை, ஆல்ப்ஸ், அலாஸ்கா என்றால் யார் எங்கே நின்று கத்துவது? ஜெர்மனியில் 1980-லிருந்து பன்டஸ்லிகா என்று ஒரே பிரிவாக தேசிய அணி லீக் நடக்கிறது, எட்டு போர்டு, ஊர் ஊராக கிளப்புகள், வார இறுதிகளில் மேட்ச். ஆனந்தே பாடன்-பாடன் என்ற சின்ன ஊரின் அணிக்கு வருஷக்கணக்கில் ஆடியிருக்கிறார். நம் நாட்டில் காசு வாங்கிக்கொண்டு அணிக்காக ஆடுவது என்பது பெரும்பாலும் வேலையோடு சேர்ந்துதான் வந்தது. பெட்ரோலிய நிறுவனங்கள், ரயில்வே, விமான நிலைய ஆணையம் என்று வேலை கொடுத்தவர்களின் பெயரில்தான் தேசிய அணிப் போட்டியில் நம் கிராண்ட்மாஸ்டர்கள் உட்காருவார்கள். பல குடும்பங்களுக்கு அந்த வேலைதான் சோறு போட்டது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் சென்னை என்றோ மதுரை என்றோ சட்டையில் எழுதிக்கொண்டு ஒரு அணி வந்து உட்காருவதைப் பார்க்க எனக்கு ஆசை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

கல்லூரியில் நான் செஸ் டீமில் இருந்தேன். நாலு போர்டு, நான் நாலாவது. மூன்றாம் வருஷம் திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் போட்டி. கடைசி ரவுண்டில் மற்ற மூன்று போர்டும் முடிந்து ஒன்றரைக்கு ஒன்றரை. என் ஆட்டம் மட்டும் பாக்கி. டேபிளைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள், யாரோ ஒருவருடைய மூச்சு என் காதில் படுகிறது. பலகையில் ஆளுக்கொரு யானை, என்னிடம் நடுவில் மூன்று சிப்பாய், அவனிடம் நடுவில் இரண்டு, ஓரத்தில் எச் வரிசையில் தனியாக ஒன்று. அவன் டிரா கேட்டான்.

டீம் மேட்சில் கேப்டனிடம் கேட்கலாம். ஆனால் பொசிஷனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, டிரா எடு அல்லது எடுக்காதே என்று மட்டும் சொல்லலாம். நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கேப்டன் அண்ணன் ஃபைனல் இயர், அதுதான் அவருக்குக் கடைசி டோர்னமென்ட். டிரா என்றால் இரண்டாமிடம், ஜெயித்தால் முதலிடம். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணு" என்றார்.

நான் டிரா எடுக்கவில்லை. யானைகளை வெட்டிக்கொண்டேன். நடுவில் எனக்கு ஒரு சிப்பாய் அதிகம், ராஜா ஆட்டத்தில் நடந்து போய் ஜெயித்துவிடலாம் என்று நினைத்தேன். ஓரத்துச் சிப்பாயைக் கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை. அவன் அதைத் தள்ள ஆரம்பித்ததும் என் ராஜா நடுவை விட்டுவிட்டு அதைப் பிடிக்க ஓட வேண்டியதாயிற்று, நான் ஓரத்தில் அதை வெட்டி முடிப்பதற்குள் அவன் ராஜா நடுவில் என் மூன்று சிப்பாயையும் ஒவ்வொன்றாகத் தின்றுவிட்டது. கையெழுத்துப் போடும்போது ஸ்கோர் ஷீட்டில் பேனா நிற்கவே இல்லை, கை அப்படி நடுங்கியது.

திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஒரு இடத்தில் பஸ் நின்றபோது அண்ணன் இறங்கிப்போய் நாலு டீயும் ஒரு பொட்டலம் வடையும் வாங்கிக்கொண்டு வந்தார், முதல் டீயை என் கையில் கொடுத்தார், அந்த ஆட்டத்தைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்கப்புறமும் பேசவில்லை.

அதனால்தான் பியெர்ரே ஜெயித்ததைவிட எதிரில் உட்கார்ந்திருந்த சிந்தரோவையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 17 வயசு. முந்தின வருஷம்தான் மாமல்லபுரத்தில் உஸ்பெகிஸ்தான் அணியோடு ஒலிம்பியாட் தங்கம் வாங்கிப் போன பையன். தனி ஆட்டத்தில் தோற்றால் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். டீமில் தோற்றால் அதே ஐந்து பேர் முகத்தில் முழித்துத்தான் ஆக வேண்டும்.

அந்த மேடையில் உட்கார்ந்தவர்கள் அதற்கப்புறம் எங்கெல்லாம் போனார்கள் என்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஜூலை ஆரம்பம் வரை கார்ல்சனோடு ஒரே அணியில் இருந்த பிரக்ஞானந்தா, ஆகஸ்டில் பாகுவில் உலகக் கோப்பை ஃபைனலில் அதே கார்ல்சனுக்கு எதிரே உட்கார்ந்தார், டைபிரேக்கில்தான் தோற்றார். குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன். திரிவேணி 2024-இல் லண்டனில் நடந்த இரண்டாவது சீசனிலும் கோப்பையை எடுத்தது. சிந்தரோவ் 2025 நவம்பரில் கோவாவில் உலகக் கோப்பையை ஜெயித்தார், 19 வயதில், ஃபைனலில் வெய் யீயைத் தோற்கடித்து. துபாயில் அந்த ராத்திரி கோப்பையைத் தூக்கிய திரிவேணி அணியில் இருந்தவர்தான் வெய் யீ. கோவா ஆட்டம் முடிந்தபோது நான் ஆபீஸில் இருந்தேன், போனில் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். ஏதோ என் தம்பி ஜெயித்த மாதிரி.

துபாய் ஃபைனல் முடிந்த ராத்திரி பதினொன்றரை இருக்கும், எங்கள் பழைய டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்தது. பொங்கல், தீபாவளிக்கு மட்டும் உயிர் வருகிற குரூப் அது. கேப்டன் அண்ணன்தான், இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். "பாத்தியாடா? கடைசி போர்டு" என்று மட்டும் போட்டிருந்தார். பெயர் போடவில்லை, ஆனால் யாருக்கு என்று நாலு பேருக்கும் தெரியும். நான் ரொம்ப நேரம் டைப் அடித்து அடித்து அழித்துவிட்டு, கடைசியில், "பாத்தேண்ணே. அன்னிக்கு யானையை வெட்டியிருக்கக் கூடாது" என்று அனுப்பினேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது: "நானா இருந்தாலும் வெட்டியிருப்பேன்."

அதற்கப்புறம் விடிய விடியப் பேசினோம். இப்போது, வருகிற மாதம் கோயம்புத்தூரில் ஒரு டீம் ரேபிட் நடக்கிறது, நாலு போர்டு. அண்ணன் எல்லாருக்கும் பணம் கட்டிவிட்டார். இரண்டாவது போர்டில் உட்காருகிறாயா என்று என்னைக் கேட்டார், இப்போது என் ரேட்டிங் அதற்குத் தகுதிதான். நான் நாலாவது கேட்டிருக்கிறேன்.