பயிற்சியெல்லாம் சரி, ஓட்டம்தான் சொதப்பிவிட்டது

அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர். இலக்கு இரண்டு மணி நேரத்துக்குள். வந்த நேரம் 2:08:51. போன வருடம் இதே தூரத்தை அரைகுறைப் பயிற்சியோடு 2:06-இல் முடித்தவன் நான். வயிற்றெரிச்சல் அதில்தான்.

நான் கோயம்புத்தூர்வாசி. ஆகஸ்ட் கடைசியில் பயிற்சியைத் தொடங்கினேன். செவ்வாய் இன்டர்வல் (கொஞ்சம் வேகம், கொஞ்சம் இளைப்பாறல் என்று மாற்றி மாற்றி), வியாழன் டெம்போ (சற்றே கடினமான ஒரே சீரான வேகம்), நடுவில் பேச்சுக்கொடுத்தபடி ஓடக்கூடிய மெதுவான ஓட்டம் ஒன்று, ஞாயிறு லாங் ரன். இன்டர்வலுக்கு ரேஸ்கோர்ஸ் சுற்றுப்பாதையை அடித்துக்கொள்ள ஆளில்லை: நிழல் உண்டு, சிக்னல் கிடையாது. லாங் ரன்னுக்குப் பேரூர் தாண்டி சிறுவாணி சாலை. தூரத்தை மெல்ல மெல்ல ஏற்றி 19 கிலோமீட்டர் வரை கொண்டுபோனேன். நவம்பர் மழையில் கொஞ்சம் விட்டுப்போனதைத் தவிர, திட்டத்தில் எழுதியதெல்லாம் நடந்தது. ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் சர்க்கரைக் கூழான ஜெல்லைக்கூட லாங் ரன்னிலேயே சாப்பிட்டு வயிறு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தாகிவிட்டது.

டிசம்பர் நடுவில் தனியாக ஒரு 10 கிலோமீட்டர் வேக ஓட்டம் வைத்துப் பார்த்தேன். 53 நிமிடம். ஒரு தூரத்தின் நேரத்தை வைத்து இன்னொரு தூரத்தின் நேரத்தைக் கணிக்க பீட்டர் ரீகல் என்பவர் கொடுத்த சூத்திரம் ஒன்று இருக்கிறது. தூரங்களின் விகிதத்தை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, தெரிந்த நேரத்தோடு பெருக்க வேண்டும். என் கணக்கு 1:57 என்று வந்தது. இரண்டு மணிக்குள் முடிக்க கிலோமீட்டருக்கு 5:41 போதும். ஆக, கையில் மூன்று நிமிடம் மிச்சம்.

போட்டி சென்னையில், ஜனவரி ஞாயிறு விடியற்காலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்த் திரும்பும் பாதை, ஏற்ற இறக்கம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. முதல் நாளே திருவான்மியூரில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டேன். ராத்திரி ரசம் சாதம், ஒன்பது மணிக்குத் தூக்கம், காலையில் வாழைப்பழமும் பன்னும். கிளம்பும்போது ஃபோன் காட்டியது: 24 டிகிரி, ஈரப்பதம் 92 சதவீதம்.

முதல் 5 கிலோமீட்டர் 28:10. 10 கிலோமீட்டர் 56:40. இரண்டு மணி நேரத்தில் முடிக்கும் வேகத்தைக் காட்டி, கொடி பிடித்து ஓடும் பேசருக்குப் பத்தடி பின்னால், திட்டம் போட்டபடியே ஓடிக்கொண்டிருந்தேன். கால் வலி இல்லை, மூச்சும் வாங்கவில்லை. கைக்கடிகாரம் மட்டும் வேறு கதை சொன்னது. கோவையில் இதே வேகத்தில் என் இதயத்துடிப்பு 160-ஐத் தாண்டாது. இங்கே மூன்றாவது கிலோமீட்டரிலேயே 166. போட்டி நாளில் ஐந்தாறு கூடுவது வழக்கம்தான். ஆனால் ஒன்பதாவதில் 174.

அக்கரைப் பக்கம் திரும்பியதும் ஒன்று கவனித்தேன். டீ-ஷர்ட் பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு நனைந்திருந்தது. அரைக்கால் சட்டையின் ஓரத்திலிருந்து முழங்காலுக்கு வியர்வை வழிந்து, காலுறை ஊறி, ஒவ்வொரு அடிக்கும் ஷூவுக்குள் சளக் சளக் என்று சத்தம். மழையில் ஓடும்போது மட்டும்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒரு துளி மழை இல்லை.

இஞ்சம்பாக்கம் வரும்போது கொடி முப்பதடி தள்ளிப் போயிருந்தது. வெட்டுவாங்கேணியில் கண்ணுக்கே தெரியவில்லை. 15 கிலோமீட்டரை 1:26:10-இல் கடந்தேன். அதற்கப்புறம் நடந்ததை ஓட்டம் என்று சொல்ல எனக்கே கூச்சம். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம். கொடுமை என்னவென்றால், அந்த ஏழு நிமிட வேகத்திலும் துடிப்பு 173-ஐ விட்டு இறங்கவில்லை. பாலவாக்கத்தில் ஒரு தன்னார்வலப் பையன் தலையில் தண்ணீர் ஊற்றினான். அரை கிலோமீட்டருக்கு மனிதனாக இருந்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் பென்சிலோடு உட்கார்ந்தேன். ஓடும்போது உடம்பு எரிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி, முக்கால் பங்குக்கு மேல், வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 70 கிலோ ஆள் மணிக்குப் பத்தரை கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 730 கிலோகலோரி செலவாகும். அதில் சுமார் 550 வெறும் சூடு. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரியைக் கொண்டுபோகும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆவியானால் மட்டும். தரையில் சொட்டுவதும் ஷூவுக்குள் தேங்குவதும் எந்தச் சூட்டையும் எடுத்துப்போவதில்லை. உடம்பு தண்ணீரை இழப்பதுதான் மிச்சம்.

இதில் சதவீதத்தைப் பார்த்துப் பிரயோசனமில்லை. கோவையில் டிசம்பர் காலையிலும் ஈரப்பதம் 85 காட்டும். பார்க்க வேண்டியது பனிநிலை, அதாவது எந்த வெப்பநிலைக்கு இறங்கினால் காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியத் தொடங்குமோ அது. 18 டிகிரியில் 85 சதவீதம் என்றால் பனிநிலை 15, 16 பக்கம். 24 டிகிரியில் 92 சதவீதம் என்றால் 22-க்கு மேல். அந்தக் காற்றில் வியர்வை லேசில் காயாது. அப்புறம் ரத்தம் தோலுக்கும் போக வேண்டும், தசைக்கும் போக வேண்டும். வியர்த்து வியர்த்து அதன் அளவும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறைய, எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கிறது. என் 174 அதுதான்.

ஒரு நாள் முன்னதாகப் போய் இறங்குவது இதற்குப் போதாது. உடம்பு வெக்கைக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும். சென்னைக்காரர்கள் வருடம் முழுவதும் அந்தக் காற்றில்தான் ஓடுகிறார்கள்; அவர்களுக்கு ஜனவரி மார்கழிக் குளிர். என்னோடு பேசியபடி நின்ற அடையாறு அக்கா ஒருவர் அன்றைக்குத் தன் சிறந்த நேரத்தை ஓடினார். எனவே எல்லாப் பழியையும் வானிலை மேல் போட எனக்கு மனமில்லை. ஆனால் கால், நுரையீரல், தூக்கம், சாப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது அதுதான்.

"முடிச்சதே பெரிய விஷயம்" என்று குழுவில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நல்ல மனதோடு சொல்வதுதான், ஆனால் இரண்டு மணிக்குக் குறி வைத்தவனுக்கு அது உறைக்காது. சித்தி கேட்டதே மேல். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், "கண்ணு, எத்தனாவதா வந்தே?" என்றார். "ரொம்பப் பின்னாடி சித்தி." "சரி விடு, இட்லி ஆறுது."

இரண்டு வாரம் கழித்து ரேஸ்கோர்ஸில் ஒரு டெம்போ ஓடிப் பார்த்தேன். 5:30 வேகம், துடிப்பு 159. சந்தோஷப்படுவதா எரிச்சல்படுவதா என்று தெரியவில்லை.

அடுத்த ஜனவரியும் சென்னையேதான். ஓட்டம் முடிந்த கையோடு 40 டிகிரி வெந்நீரில் 40 நிமிடம் கிடந்தால் வெக்கைக்குப் பழகலாம் என்கிறார்கள். நம் வீட்டுக் குளியலறையில் ஒரு பக்கெட்டும் ஒரு குவளையும்தான் இருக்கிறது. ஆகவே டிசம்பரில் சில ஓட்டங்களை மதியம் பன்னிரண்டு மணிக்கு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஓடுவதாகத் திட்டம். அப்படியும் பனிநிலை 22-ஐத் தொட்டால் கிலோமீட்டருக்கு இருபது விநாடி கூட்டித்தான் கிளம்புவேன். சப்-2, அதாவது இரண்டு மணிக்குள் ஒரு நேரம், வேண்டுமென்றால் அதைக் கோவையிலேயே தேடிக்கொள்ளலாம்.